பெண் அழைப்புக்கு ஒரு கறுப்பு கார்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி. பெங்களூரில் பானஸ்வாடி பக்கம், ரிங் ரோட்டை ஒட்டி இருக்கும் பழைய கார்கள் விற்கிற ஒரு கடையில் நடந்தது இது. அங்கேதான் எனக்கு வேலை. கார் விற்பது மற்றவர்கள். வாங்க வருகிறவர்களுக்கு லோன் ஏற்பாடு செய்து கொடுப்பது நான். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜீவனஹள்ளி என்பதால் தமிழ், கன்னடம், அரைகுறை உருது மூன்றிலும் இ.எம்.ஐ. பற்றி மணிக்கணக்கில் பேச முடியும். வீட்டுக்காரர் கேட்டால் அதைத் தவிர எனக்கு வேறு பேச்சே தெரியாது என்பார்.

மார்கழி எங்களுக்கு டல்லான மாதம். நம் ஆட்கள் மார்கழியில் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆனால் வந்து பார்த்து வைத்துவிட்டு, தை பிறந்ததும் எடுப்பார்கள். அப்படிப் பார்த்து வைக்க வந்தவர்தான் அந்தத் தம்பி. பூர்வீகம் தர்மபுரி பக்கம். பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கடைக்குள் நுழைந்தவர் வரிசையாக நின்ற சின்ன கார்கள் எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் மூலையில் நின்ற கறுப்பு கார் முன்னால் நின்றுவிட்டார்.

அந்த வண்டியைக் குறை சொல்ல எனக்கே மனசு வராது. வெளிநாட்டு கம்பெனி, நீளமான உடம்பு, உள்ளே தேன் நிறத்தில் லெதர் சீட். கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் மொத்தமும் நின்றுவிடும். புதிதாக வந்தபோது கோடீஸ்வரர்கள் மட்டுமே ஏறியிருப்பார்கள். ஆனால் அதெல்லாம் அந்தக் காலம். மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டு, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டு எங்களிடம் வந்திருந்தது. அதனால்தான் விலை ஒரு புது சின்ன காரின் விலைக்கு இறங்கியிருந்தது. பார்க்கிறவர்கள் விழுவதும் அங்கேதான்.

நான் சொல்லாமல் இல்லை. “தம்பி, வாங்குற விலைதான் பழைய வண்டி விலை. ரிப்பேர்னு போய் நின்னா புது வண்டி ரேட்டுலதான் பில் போடுவாங்க. ஒரு ஹெட்லைட் போச்சுன்னா ஒரு மாசச் சம்பளம் போகும்” என்றேன். “மெதுவா ஓட்டுவேங்க்கா” என்றார். மெதுவாக ஓட்டினால் ஹெட்லைட்டுக்கு வயசாகாதா என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஓட்டம் அதிகம் என்பதால் பேங்க் எதுவும் கிட்டே வரவில்லை. ஒரு தனியார் ஃபைனான்ஸ் மட்டும் ஒத்துக்கொண்டது. வட்டியும் அதற்குத் தகுந்த மாதிரிதான். ஐந்து வருஷத்துக்கு அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். அவர் குடியிருந்த தாசரஹள்ளி சந்தில் அந்தக் காரின் மூக்குகூட நுழையாது. ரோட்டில்தான் நிறுத்தியாக வேண்டும்.

எங்கள் முதலாளி பாய் தங்கமான மனுஷன்தான். ஆனாலும் வியாபாரி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அரே, சும்மா இரும்மா. கஸ்டமர் லவ்வுல இருக்கான். நடுவுல போனா நமக்குத்தான் அடி” என்றார். அதுவும் உண்மைதான். விரும்பி வந்தவரிடம் ஒரு அளவுக்கு மேல் வேண்டாம் வேண்டாம் என்றால், ‘உன்னால முடியாது’ என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும். பக்கத்துக் கடையில் போய் இதைவிட மோசமான வண்டியை வாங்கிவிடுவார்கள். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

லோன் அப்ரூவ் ஆகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று சொன்ன அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னார். அவருக்குத் தையில் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் ஆனேக்கல். கார்த்திகையில் நிச்சயதார்த்தத்துக்காக இவர் வீட்டார் தர்மபுரியிலிருந்து ஒரு வேன் பிடித்துக் கிளம்பியிருக்கிறார்கள். வேன் நடுவழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதே என்று பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக ஓசூர் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் ஏறி, ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நடந்தே போயிருக்கிறார்கள். வாசலில் நின்றிருந்த பெண்ணின் தாய்மாமன், “என்ன சம்பந்தி, ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்தே எடுத்துட்டீங்களா?” என்று கேட்டாராம். கூடியிருந்த எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

“எங்கப்பாவும் சேர்ந்து சிரிச்சாருக்கா. அதைத்தான் என்னால மறக்க முடியல” என்றார் அந்தத் தம்பி.

அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. மாப்பிள்ளை வீட்டார் கார் அனுப்பி, பெண்ணை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வர வேண்டும். கார் வந்து நிற்கும்போது ஊரே பார்க்கும். அந்தத் தாய்மாமன் வாயடைத்து நிற்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வண்டி. “ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கலாமே தம்பி” என்றேன். “அந்த ஆளு முதல்ல நம்பர் பிளேட்டைத்தான் பாப்பாரு. டாக்ஸி போர்டுன்னா மண்டபம் முழுக்க மைக் இல்லாமலே சொல்லிடுவாரு” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. ஒரு சாயங்கால ஊர்வலத்துக்கு ஐந்து வருஷத் தவணை! ஆனால் அப்பா சிரித்த கதையைக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

அடுத்த ஞாயிறு காலை, கையெழுத்துப் போடும் முன் வண்டியை ஒரு தடவை காட்டிவிடலாம் என்று கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்தார். பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள் அவள். ஒல்லியான பெண், அதிகம் பேசவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலையாம். வண்டியைப் பார்த்ததும் அவளுக்கும் கண் விரிந்ததை நான் பார்த்தேன்.

ஓட்டிப் பார்க்க வண்டி வெளியே போனால் கடை ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது பாயின் சட்டம். வழக்கமாகப் போகிறவர் வேறு கஸ்டமரோடு இருந்ததால் நான் ஏறினேன். “பெண் அழைப்பில பின்சீட்லதானே உக்காரப் போறே, அங்கேயே உக்காந்து பாரு” என்று அவளைப் பின்னால் உட்கார வைத்து, எனக்கு முன்சீட்டைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோடு காலியாக இருந்தது. ஹென்னூர் தாண்டும் வரைக்கும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தம்பிக்கு வாயெல்லாம் பல்.

“சூப்பரா இருக்கு. நிஜமாவே ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றாள் அவள். கொஞ்ச தூரம் போன பிறகு, “ஆனா இதுல வந்து இறங்கினா எங்க மாமா என்ன கேப்பாருன்னு சொல்லட்டுமா?” என்றாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “வண்டி ஜோரா இருக்கே மாப்ளே, நீங்க எத்தனாவது ஓனரு? அப்படிம்பாரு” என்றாள், அந்த மாமன் குரலிலேயே.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவர் நாலாவது என்பது எனக்குத்தான் தெரியுமே.

தம்பியின் காது மடல் சிவந்துவிட்டது. “அப்போ புது வண்டி வாங்க எனக்கு வக்கில்லைன்னு சொல்றே. அதானே?” என்றார். “நான் அப்படிச் சொல்லலைங்க” என்று அவள் முடிப்பதற்குள் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் எதிர்ப்பக்க டீக்கடையை நோக்கி நடந்துவிட்டார். அவ்வளவு கோபத்திலும் கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். “அக்கா, கல்யாணமே வேணாம்னு சொல்லிடுவாரோ?” என்று கேட்டாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஒரு வார்த்தை கூடினாலும், குறைந்தாலும் அவள் வாழ்க்கைதான் ஆட்டம் காணும். “இவ்வளவு பயம் இருக்கறப்ப எதுக்கும்மா இப்பச் சொன்னே? கல்யாணம் ஆனப்புறம் சொல்லியிருக்கலாமே” என்றேன். “அதுக்குள்ள கையெழுத்துப் போட்டிருப்பாருக்கா” என்றாள்.

அப்புறம் அவளே அந்த மாமன் கதையைச் சொன்னாள். ஃபேக்டரியில் வருஷக்கணக்காக ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் அவர் ஒரு சின்ன கார் வாங்கினார். அவர்கள் குடும்பத்திலேயே அதுதான் முதல் கார். வாங்கிய புதிதில் இவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. தன் அக்கா மகளுக்குக் கல்யாணம், பெண் நம் காரில்தான் போகும் என்று மாமன் வண்டியைக் கழுவித் துடைத்து, பூமாலை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெரிய கார் அமர்த்திக்கொண்டு வந்துவிட்டார்கள். இவர் வண்டியில் சமையல் பாத்திரமும் வாழை இலைக் கட்டும் ஏற்றி மண்டபத்துக்கு அனுப்பினார்கள்.

“இடம் பத்தலைன்னு என்னையும் அதுலயே ஏத்தி விட்டாங்க. இலைக்கட்டை மடியில வெச்சிக்கிட்டுப் போனேன். மாமா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசலக்கா. அதுலேருந்து எங்க கல்யாணம்னாலும் யாரையாவது குத்திப் பேசுவாரு. எல்லாரும் அவருக்கு வாய் நீளம்னுதான் சொல்வாங்க. எனக்கு மட்டும் தெரியும்” என்றாள்.

சிறுமியாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு முகத்தை இத்தனை வருஷம் மனசில் வைத்திருக்கிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது.

தம்பி திரும்பி வந்தார். கையில் மூன்று பேப்பர் கப்பில் டீ. எனக்கு ஒன்றை நீட்டிவிட்டு, அவளுக்கு ஒன்றை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனாலும் அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவள் டீயை வாங்கிக்கொண்டு, என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னாள். சொல்லி முடித்து, “பெண் அழைப்புக்கு வண்டி நீங்கதான் அனுப்பணும். அதை மாத்த வேணாம். ஆனா மாமா வீட்டுக்குப் போய் அவரு வண்டியைக் கேளுங்க” என்றாள்.

வெளியே நின்றவர் அப்படியே நின்றார். “எங்கப்பாவைப் பாத்துச் சிரிச்ச ஆளு வீட்டு வாசல்ல நான் போய் நிக்கணுமா?”

“கஷ்டம்தாங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன். நாங்க யாரு கேட்டாலும் மாமா சாவி தர மாட்டாரு. நீங்க கேட்டா தருவாரு.”

“முடியாதுன்னுட்டா?”

“அப்போ பட்டுப்புடவை கட்டிக்கிட்டு ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். உங்கப்பா வந்த பஸ்லயே நானும் வரேன். யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும்.”

அவர் டீயைக் குடித்து முடித்து, எங்கள் கப்புகளையும் வாங்கிக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தார். கடை வந்து சேரும் வரைக்கும் அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை. பின்சீட்டில் இருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

கடையில் பாய் பேப்பர்களை எடுத்து வைத்து, பேனா மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். தம்பி சாவியை மேஜை மேல் வைத்தார். “பாய், வண்டியில எந்தக் குறையும் இல்ல. என் சம்பளத்துக்கு இது தாங்காது. வேணாம்” என்றார். சுற்றி சேல்ஸ் ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. ‘வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை’, ‘ஜாதகத்தில் இரும்பு ஆகாது’ என்று எல்லோரும் சொல்கிற சாக்கு எதையும் சொல்லவில்லை. என் சர்வீஸில் எத்தனையோ பேர் வாங்காமல் போயிருக்கிறார்கள். அவர்களெல்லாம் நான் போன் செய்தால் எடுக்காமல் விட்டவர்கள். முகத்துக்கு நேராக, தன் நிலைமையைத் தானே சொல்லி, தலையைக் குனியாமல் நின்ற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணும் ஜெயித்துவிட்ட மாதிரி நிற்கவில்லை. “வண்டி ரொம்ப நல்லா இருக்கு பாய், எங்களுக்குத்தான் இப்ப முடியல” என்றாள். ‘எங்களுக்கு’ என்று அவள் சொன்னதைக் கேட்டு அந்தத் தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாய் பேனாவை மூடினார். “என்னம்மா நீ, கூடப் போய் வண்டியை வித்துட்டு வருவேன்னு பாத்தா, கஸ்டமரைத் தொலைச்சிட்டு வந்திருக்கே” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் பாதாம் பால் வரவழைத்தார். என் இன்சென்டிவ் போனது வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது.

பொங்கல் முடிந்து பத்திரிகை கொடுக்க அவரே கடைக்கு வந்தார். மாமன் வீட்டில் என்ன நடந்தது என்று நான்தான் விடாமல் கேட்டேன். வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு தனியாகத்தான் போயிருக்கிறார். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்ததாம். கேட்டதும் அந்த மனுஷன், “ஏன், வேற வண்டி எதுவும் கிடைக்கலையா?” என்றிருக்கிறார். “கிடைச்சுது மாமா, லோன்கூட ஓகே ஆயிடுச்சு. உங்க வண்டியிலதான் அவளைக் கூட்டிட்டு வரணும்னு நினைக்கிறேன்” என்று இவர் சொல்ல, அவர் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாராம். போனவர் வெகு நேரம் வரவில்லை. அத்தைதான் காபி கொண்டுவந்து கொடுத்தாராம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஷெட்டுக்குக் கூட்டிப் போய் வண்டியைக் காட்டியிருக்கிறார். வாங்கி இத்தனை வருஷத்தில் அது ஓடியது ரொம்பக் கொஞ்சம். சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லையாம்.

கல்யாணம் ஓசூரில். நானும் வீட்டுக்காரரும் முதல் நாள் சாயங்காலமே போய்விட்டோம். எனக்கு முகூர்த்தத்தைவிட அந்தப் பெண் அழைப்பைப் பார்க்கத்தான் ஆசை. மேளக்காரர்கள் முன்னால் வர, பின்னால் அந்த வெள்ளை நிறச் சின்ன கார் மாலையோடு ஊர்ந்து வந்தது. மாமன்தான் ஓட்டினார், மடிப்புக் கலையாத பட்டுச் சட்டையில். அவ்வளவு மெதுவாக யாரும் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்தே போனான். பெண்ணை அழைத்து வரப் போயிருந்த மாப்பிள்ளையின் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றதும் மாமன் இறங்கி ஓடிவந்து, முதலில் அவர் பக்கத்துக் கதவைத்தான் திறந்துவிட்டார். “சம்பந்தி, பாத்து இறங்குங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மண்டப வாசலில் அந்தத் தம்பி இதைப் பார்த்தபடி நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்த மாமன் மண்டபத்தில் ஒருவரையும் விட்டு வைக்கவில்லை. யாரென்றே தெரியாத என்னிடமும் வந்து, “மாப்ளே வீடு தேடி வந்து கேட்டாரும்மா. வேற வண்டி வேணாம், உங்க வண்டிதான் வேணும்னுட்டாரு” என்றார். நானும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி, “அப்படியா!” என்றேன்.

இன்றைக்கும் என் மேஜைக்கு லோன் கேட்டு வருகிறவர்களில் அந்தத் தம்பி மாதிரி யாராவது இருப்பார்கள். என்னால் முடிந்த வரை வட்டி, ரிப்பேர் எல்லாம் எடுத்துச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள், பலர் கேட்பதில்லை. ஆனால் எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் யோசனை ஓடும். அன்று அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், கல்யாணம் நல்லபடியாக நடந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு அந்தக் கறுப்பு காரிலேயே போய் இறங்கியிருப்பேன். அவளோ தன் கல்யாணமே நின்றுபோகலாம் என்று தெரிந்தும், ஒரே பேச்சில் கட்டிக்கொள்ளப் போகிறவரின் ஐந்து வருஷத்தையும் காப்பாற்றினாள், மாமனின் பழைய மனக்குறையையும் தீர்த்து வைத்தாள். அந்த அளவுக்கு ஒருவர் மேல் அக்கறை வைக்க முடியும் என்பதை என் கண்ணால் பார்த்தேன் என்பதே எனக்குப் பெரிய பாக்கியமாகத் தோன்றுகிறது.